எந்தக் கை என்று கேட்பவர்கள் எந்த எழுத்து என்று கேட்பதில்லை

பார்வைக் கவனம் குறித்த ஓர் ஆய்வில் பங்கேற்க வரும் மாணவரிடம், கணினித் திரையின் முன் அமர்த்துவதற்கு முன்பே ஒரு படிவம் நீட்டப்படுகிறது. எழுதுவது எந்தக் கையால், எறிவது எந்தக் கையால், தீக்குச்சி உரசுவது எந்தக் கையால், துடைப்பம் பிடிக்கும்போது மேலே இருப்பது எந்தக் கை? 1971இல் ஓல்ட்ஃபீல்டு வெளியிட்ட எடின்பரோ கைப்பழக்க வினாநிரல் இது. துடைப்பம் பற்றிய கேள்வி, நீண்ட கம்பை இரு கைகளாலும் பற்றிப் பெருக்கும் நாட்டுக்கு உரியது. குனிந்து ஒற்றைக் கையால் விளக்குமாறு பிடிக்கும் வீட்டில் வளர்ந்தவர் அக்கேள்வியின் முன் ஒரு கணம் திகைத்து, ஏதோ ஒரு கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். அந்தத் திகைப்பு எந்தத் தரவிலும் பதிவாவதில்லை.

கைப்பழக்கத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூளையின் இரு அரைக்கோளங்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எக்கை வழக்கக் கை என்பதற்கும் அந்த வேலைப் பிரிவினைக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் அதே படிவத்தில் இடம்பெற்றிருக்க வேண்டிய வேறு மூன்று கேள்விகள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. முதலில் கற்ற எழுத்துமுறை எது? இன்று நாள்தோறும் வாசிப்பது எந்தத் திசையில்? வாசிக்கக் கற்றது எந்த வயதில், அல்லது கற்கவே இல்லையா? இந்தியாவில் கவன ஆய்வு செய்வோர் இக்கேள்விகளைத் தவிர்ப்பது சிறு கவனக்குறைவு அன்று. மூளை தன் கவனத்தை வெளியில் எத்திசைக்குச் செலுத்துகிறது என்பதில் ஒரு பங்கு எழுத்தின் கைவண்ணம். அதைக் கேளாமல் எடுக்கும் அளவீடு எதை அளக்கிறது என்பதே ஐயத்துக்குரியது. அந்த ஐயத்தின் விலையைக் கொடுப்பவர் ஆய்வாளர் அல்லர், பக்கவாதம் கண்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர்.

முதலில் கவனம் என்பது பார்வை அன்று என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்த சோதனை இன்றும் வியப்பூட்டுவது. இருட்டறை போன்றதொரு பெட்டி; உள்ளே எழுத்துகள் அச்சிட்ட தாள்; பார்வையை நிலைநிறுத்த ஊசித்துளை வழியே தெரியும் ஓர் ஒளிப்புள்ளி. கண் அந்தப் புள்ளியிலேயே நிற்க, மனம் மட்டும் இருட்டின் ஏதேனும் ஒரு பகுதியைத் தேர்ந்துகொள்கிறது. மின்பொறி ஒன்று கண நேரம் தாளை ஒளிரச் செய்கிறது. கண்ணை அசைக்கக்கூட நேரமில்லாத அந்தக் கணத்தில் அவர் தேர்ந்துகொண்ட பகுதியின் எழுத்துகள் மட்டும் புலப்பட்டன. ஏனையவை விழித்திரையில் விழுந்தும் விழாதவையாயின. கண் ஓரிடத்திலும் கவனம் வேறோரிடத்திலும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. வகுப்பறையில் கடைசி வரிசையில் அமர்ந்தோர் அனைவரும் இதை முன்னமே அறிவர் என்பது வேறு.

இதை மில்லிநொடிக் கணக்கில் அளந்தவர் மைக்கேல் போஸ்னர். 1980இல் அவர் விளக்கிய முறை எளியது. திரையின் நடுவில் ஓர் அம்புக்குறி. அது காட்டும் பக்கத்தில் பெரும்பாலான முறைகள் ஒளிப்புள்ளி தோன்றும், சில முறைகள் மறுபக்கத்தில் தோன்றும். கண் நடுவிலேயே நிற்க வேண்டும். அம்பு சொன்ன பக்கத்தில் புள்ளி தோன்றினால் விரல் விரைந்து அழுத்துகிறது. எதிர்ப்பக்கத்தில் தோன்றினால் சில பத்து மில்லிநொடிகள் தாமதிக்கிறது. நடுவில் அம்பு காட்டாமல் ஓரத்தில் ஒரு மின்னலை எழுப்பினாலும் கவனம் அங்கே செல்லும். ஆனால் இது தானாகச் செல்வது, அம்பின் வழி செல்வது விருப்பத்தால் செல்வது. இவ்விரு வழிகளும் வேறு வேறு என்பதுதான் நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது.

மொழியியல் படித்தவருக்கு அந்த அம்பின் மீது கண் போகாமல் இராது. அம்பு இயற்கைப் பொருள் அன்று. அது ஒரு குறி. வேட்டைக்கருவியின் கூர்முனை, திசையைச் சுட்டும் குறியாக மாறியது பண்பாட்டின் வேலை. 2001இல் ஹொம்மெலும் உடனாய்வாளர்களும் அம்புக்குறிகளையும் 'இடது', 'வலது' போன்ற சொற்களையும் திரையில் காட்டினர். அவை புள்ளியின் இடத்தைப் பற்றி எந்தத் துப்பும் தருவன அல்ல என்று பங்கேற்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் கவனம் அவை சுட்டிய பக்கம் நழுவியது. கற்றுக்கொண்ட குறி ஒன்று, கற்றுக்கொள்ளாத மின்னலைப் போலவே மனத்தை இழுத்துச் செல்கிறது. விருப்பத்தால் செல்வது, தானாகச் செல்வது என்ற இருமைக்குள் பழக்கத்தால் செல்வது என்ற மூன்றாவது ஒன்று நுழைந்துவிடுகிறது. எழுத்தின் கதை தொடங்குவது அங்கேதான்.

மூளைக்குள் இது நிகழும் இடங்கள் ஓரளவு தெரிந்தவையே. நடுமூளையின் சுப்பீரியர் காலிகுலஸ் கண்ணசைவையும் கவனத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்திருக்கிறது. முன்மடலில் கண்ணசைவுக்குரிய புலம் ஒன்று உண்டு. 2001இல் மூர், ஃபல்லா ஆகியோர் குரங்குகளின் அப்புலத்தில், கண்ணை அசைக்கப் போதாத அளவு மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். கண் நகரவில்லை; ஆனால் அந்த நரம்பணுக்களுக்குரிய இடத்தில் நிகழ்ந்த சிறு மாற்றத்தைக் குரங்கு கூடுதல் நுட்பத்துடன் கண்டறிந்தது. கண்ணை அனுப்பும் ஆணையும் கவனத்தை அனுப்பும் ஆணையும் நெருங்கிய உறவினர் என்பது இதிலிருந்து தெரிந்தது. 2002இல் கொர்பெட்டாவும் ஷுல்மனும் மனித மூளையில் இரு வலைப்பின்னல்களைப் பிரித்துக் காட்டினர். மேற்புற வலைப்பின்னல் இரு அரைக்கோளங்களிலும் உள்ளது. அது இலக்கை நாடிச் செல்லும் கவனத்துக்குரியது. கீழ்ப்புற வலைப்பின்னல் வலது அரைக்கோளத்தின் பக்கமே பெரிதும் சாய்ந்தது. எதிர்பாராத ஒன்று நிகழும்போது கவனத்தைத் திருப்பிவிடுவது அது.

வலது அரைக்கோளத்தின் இந்தச் சாய்வு கண்டறியப்பட்ட வழி துயரமானது. வலப்பக்க மூளையில், குறிப்பாக பரைட்டல் மடலைச் சார்ந்த பகுதிகளில் பக்கவாதம் தாக்கியவர்களுள் பலர் உலகின் இடப்பாதியை இழந்துவிடுகின்றனர். கண்ணில் குறையில்லை. தட்டில் வலப்பாதிச் சோற்றை உண்டுவிட்டுப் பசிக்கிறது என்பார்; முகத்தின் ஒரு பாதியை மட்டும் மழிப்பார்; கதவு நிலையில் இடத்தோள் மோதும். மிகக் கொடியது, தமக்கு எதுவும் குறைந்துவிட்டதாக அவருள் பலருக்குத் தோன்றாது என்பதே. மருத்துவம் இதை இடப்பக்கப் புறக்கணிப்பு என்கிறது. 1978இல் பிசியாக், லுட்சாட்டி ஆகிய இருவரும் மிலான் நகர நோயாளிகள் இருவரிடம், தேவாலயத்தை நோக்கி நின்றவாறு நகரச் சதுக்கத்தைக் கற்பனையில் விவரிக்கச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களையே சொன்னார்கள். பின்பு தேவாலயத்தின் வாசலில் முதுகு காட்டி நிற்பதாக எண்ணிக்கொள்ளச் சொன்னதும், சற்றுமுன் விட்டுப்போன கட்டடங்கள் இப்போது வலப்பக்கம் வந்தமையால் நாவில் வந்தன. முன்பு சொன்னவை மறைந்தன. நினைவு அழியவில்லை. நினைவின் இடப்பக்கத்தை நோக்கிச் செல்லும் வழிதான் அடைபட்டிருந்தது.

கென்னத் ஹைல்மன் முன்வைத்த விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது: இடது அரைக்கோளம் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது; வலது அரைக்கோளம் இருபக்கங்களையும் கவனிக்கிறது. ஆகவே இடதில் சேதம் நேர்ந்தால் வலது ஈடுசெய்கிறது, வலதில் நேர்ந்தால் ஈடுசெய்ய ஆளில்லை. இதற்குத் துணையாக நலமுள்ளோரிடம் காணப்படும் ஒரு சிறு சாய்வையும் காட்டுவர். ஒரு கோட்டின் நடுப்புள்ளியைக் குறிக்கச் சொன்னால் பெரும்பாலோர் உண்மை நடுவுக்குச் சற்று இடப்புறமாகக் குறிக்கின்றனர். புறக்கணிப்பு நோயாளி வெகுதூரம் வலப்புறம் குறிக்கிறார். நலமுள்ளோரின் இந்தச் சாய்வுக்கு 1980இல் பவர்ஸும் ஹைல்மனும் இட்ட பெயர் போலிப் புறக்கணிப்பு. வலது அரைக்கோளம் வலிமையானது, ஆகவே கோட்டின் இடப்பாதி சற்று நீளமாகத் தோன்றுகிறது என்பது வாதம்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, கோட்டைப் பாதியாக்கிய அந்தப் 'பெரும்பாலோர்' யார் என்பது. இடமிருந்து வலமாக வாசிப்பவர்கள். அவர்களது கவனம் பள்ளிப் பருவம் முதல் ஒவ்வொரு வரியையும் இடமுனையில் தொடங்கிப் பழகியது. 1993இல் ஷொக்ரோனும் ஆம்பெரும் பிரெஞ்சு வாசகர்களையும் எபிரேயம் வாசிக்கும் இசுரேலியர்களையும் ஒப்பிட்டனர். பிரெஞ்சு வாசகர்கள் நடுவுக்கு இடப்புறமும் இசுரேலியர்கள் வலப்புறமும் குறித்தனர். மூளை மாறவில்லை, எழுத்தின் திசை மாறியிருந்தது. இந்தியாவுக்கு இன்னும் அணுக்கமான ஆய்வு அதற்கும் முந்தியது. 1989இல் ஜோத்ஸ்னா வைத், மகராஜ் சிங் ஆகியோர், ஒரு பாதி சிரித்தும் மறுபாதி சிரிக்காமலும் இருக்கும் ஒட்டு முகங்களைக் காட்டி, எது கூடுதல் மகிழ்ச்சி உடையது என்று கேட்டனர். பங்கேற்றோருள் இந்தி மட்டும் வாசிப்போர், உருது வாசிப்போர், அரபு வாசிப்போர், எழுத்தறியாதோர் என எல்லாரும் இருந்தனர். இந்தி வாசகர்களிடம் தெளிவாகத் தெரிந்த இடச்சாய்வு, வலமிருந்து இடமாக வாசிப்போரிடம் அதே வலுவுடன் தெரியவில்லை. இந்தியும் உருதும் பேச்சில் ஏறத்தாழ ஒரே மொழி. தேவநாகரி இடமிருந்து வலம், நஸ்தாலிக் வலமிருந்து இடம். மொழியை ஏறக்குறைய மாறாமல் வைத்துக்கொண்டு எழுத்தின் திசையை மட்டும் மாற்றிப் பார்க்க உலகில் இத்தகைய வாய்ப்பு அரிது. லக்னோவிலும் ஐதராபாத்திலும் அது ஒரே தெருவில் கிடைக்கிறது. அந்த ஆய்வு வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னும், அதை நூறுமுறை விரித்திருக்க வேண்டிய நாட்டின் மாணவர்களுள் பலர் அதன் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

எதிர்த்தரப்பு வலுவற்றதன்று. 2002இல் நிக்கல்ஸ், ராபர்ட்ஸ் ஆகியோர் ஆங்கில வாசகர்களையும் எபிரேய வாசகர்களையும் வேறு பணிகளில் சோதித்தபோது இரு குழுவினரிடமும் இடச்சாய்வே காணப்பட்டது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் புறாக்களும் கோழிக்குஞ்சுகளும் தம்முன் பரப்பிய தானியத்தில் இடப்பக்கத்தையே மிகுதியாகக் கொத்தின. புறா எந்த எழுத்தையும் கற்றதில்லை. ஆகவே சாய்வு முழுவதும் பள்ளிக்கூடத்தின் கொடை என்று சொல்பவர் தவறுகிறார். உயிரியல் ஒரு சாய்வைத் தருகிறது. எழுத்து அதைக் கூட்டவோ குறைக்கவோ சில பணிகளில் திருப்பவோ செய்கிறது. எந்தப் பணியில் எவ்வளவு என்பதே இனி விடை காண வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமல் இருதரப்பும் வெற்றி முழக்கம் செய்வதில் பொருளில்லை.

எழுத்து எவ்வளவு விரைவில் கவனத்தைத் திருப்பும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று போதும். ஆங்கிலம் வாசிப்பவர் ஒரு சொல்லில் கண் பதிக்கும்போது, பயன்தரும் தகவலைக் கண்ணின் இடப்புறம் மூன்று நான்கு எழுத்துவரையும் வலப்புறம் பதினான்கு பதினைந்து எழுத்துவரையும் பெறுகிறார். விழித்திரைக்கு இத்தகைய சமனின்மை இல்லை. இது கவனத்தின் வடிவம். 1981இல் பொலாட்செக்கும் உடனாய்வாளர்களும் இரு மொழியும் வாசிக்கும் இசுரேலியர்களைச் சோதித்தனர். எபிரேயம் வாசிக்கையில் அந்தச் சாளரம் இடப்புறமாக நீண்டது. அதே ஆள் ஆங்கிலம் வாசிக்கையில் வலப்புறமாக நீண்டது. பழக்கம் மூளையில் நிலையாகச் செதுக்கப்பட்ட சாய்வு மட்டும் அன்று. தாளைப் புரட்டும் நேரத்தில் மாற்றிக்கொள்ளத்தக்க ஒழுங்கும் ஆகும். இரு எழுத்துகளை வாசிக்கும் ஒருவரை 'வலப்பக்க வாசகர்', 'இடப்பக்க வாசகர்' என்று ஒரே கட்டத்தில் அடைப்பதும் இதனால் பிழையாகிறது.

திசையை விட்டு, வாசிப்பு என்ற செயலையே எடுத்துக்கொண்டாலும் இந்தியாவிலிருந்து வந்த சான்று குறிப்பிடத்தக்கது. ரமேஷ் மிஸ்ரா, ஹியூட்டிக், ஒலிவர்ஸ் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் மிகுந்த எழுத்தறிவுடையோரும் குறைந்த எழுத்தறிவுடையோரும் திரையில் ஒரு குறிப்பிட்ட கோழியைப் பிற கோழிகளுக்கிடையே தேடினர். எழுத்தில்லை, எண்ணில்லை, எல்லாருக்கும் பழக்கமான கோழி. ஆயினும் எழுத்தறிவு குறைந்தோர் தாமதித்தனர். தாமதத்தின் பெரும்பகுதி தேடுவதில் இல்லை; கோழியின் மீது கண் விழுந்தபின் பொத்தானை அழுத்துவதற்குள் கழிந்த நேரத்தில் இருந்தது. எழுத்தறிவு மிக்கோர் திரையின் நடுப்பகுதியில், அதிலும் வலப்புறத்தில், ஒப்பளவில் சிறந்து செயற்பட்டனர். அதோடு மேற்புறமும் இடப்புறமும் நோக்கிய பொதுவான சாய்வும் அவர்களிடம் இருந்தது. ஒரு பக்கத்தை மேல் இடமூலையில் தொடங்கும் பழக்கம் கோழிப்பண்ணைக்குள்ளும் தொடர்ந்து வந்திருக்கிறது.

2017இல் ஸ்கைடே, உத்தம் குமார், மிஸ்ரா முதலியோர் லக்னோ அருகே எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தனர். மாற்றம் புறணியில் மட்டும் நிகழவில்லை; சுப்பீரியர் காலிகுலஸ், தலாமஸின் புல்வினார் ஆகிய ஆழ்பகுதிகளுக்கும் பார்வைப் புறணிக்கும் இடையிலான ஒத்தியக்கம் கூடியது. கவனத்தை வெளியில் திருப்புவதில் பங்குடைய அதே பகுதிகள். பங்கேற்றோர் தொகை சிறியது. ஆகவே இதன் மேல் மாளிகை கட்டுவது தகாது. எனினும் முப்பது வயதில் எழுத்துக் கற்றாலும் மூளையின் பழமையான பகுதி அசையக்கூடும் என்ற செய்தி, கவன ஆய்வில் எழுத்தறிவைப் பின்புலத் தகவலாகக்கூடக் குறிக்காதவர்களின் உறக்கத்தைக் கலைத்திருக்க வேண்டும்.

எழுத்துமுறையின் உள்ளேயும் இடம் இருக்கிறது. தேவநாகரியில் குறில் இகரக் குறி, ஒலியில் மெய்க்குப் பின் வருவது, எழுத்தில் மெய்க்கு முன் நிற்பது. இத்தகைய சொற்களை உரக்க வாசிக்கக் கூடுதல் நேரம் பிடிப்பதை வைத், குப்தா ஆகியோர் 2002இல் காட்டினர். தமிழில் இந்நிலை இன்னும் செறிவானது. 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு இடப்புறம். 'கொ' என்பதில் கொம்பு இடப்புறமும் கால் வலப்புறமும். கொம்பைக் கண்ட கண்ணுக்கு அது எகரமா ஒகரமா என்று அப்போது தெரியாது. மெய்யைத் தாண்டி வலப்புறம் கால் இருக்கிறதா என்று பார்த்தபின்தான் உயிர் எது என்று முடிவாகும். ஔகாரக் குறியோ ளகரத்தின் உருவிலேயே நிற்பதால், அது குறியா தனி எழுத்தா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். கவனம் இடமிருந்து வலமாக நேர்கோட்டில் நகர்கிறது என்ற எளிய மாதிரி இந்த எழுத்தின் முன் செல்லாது. இத்தகைய உயிர்மெய்களில் அது முன்னும் பின்னும் சிறு ஊசலாட்டம் செய்தாக வேண்டும். தமிழ் மொழியியல் துறைகளில் மாத்திரைக் கணக்கும் புணர்ச்சி விதியும் பேசுவோர் இந்த ஊசலாட்டத்தைக் கண்ணசைவுக் கருவியால் அளக்கத் தலைப்பட்டால் நல்ல முனைவர் பட்ட ஆய்வுகள் பல எழும்.

'இடது', 'வலது' என்ற சொற்களையே எல்லாரும் ஒரே போல் ஆள்வதில்லை. எரிக் பெடர்சன் 1990களில் தமிழ் பேசுவோரிடம் செய்த ஆய்வுகளில், ஊர்ப்புறத்தார் பொருள்களின் இருப்பைக் கிழக்கு மேற்கு என்றும் நகரத்தார் இடது வலது என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. சொல்லில்லாத பணிகளிலும் அந்த வேறுபாடு ஓரளவு தொடர்ந்தது. மொழி சிந்தனையை இவ்வாறு வடிவமைக்கிறதா என்பது குறித்துப் பின்னர் கடும் வழக்கு நடந்தது. அதை இங்கே தீர்க்க இயலாது. ஆனால் 'உங்கள் இடப்பக்கம் உள்ளவற்றைச் சொல்லுங்கள்' என்ற சோதனைக் கட்டளை எல்லாருக்கும் ஒரே எடையுடையது என்று கொள்வதற்கு முன் அந்த வழக்கை ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

இனி மருத்துவமனைக்கு வருவோம். புறக்கணிப்பைக் கண்டறியப் புகழ்பெற்ற சோதனைகளுள் ஒன்று விண்மீன் அடித்தல். 1987இல் வெளியான ஒரு சோதனைத் தொகுதியின் பகுதி அது. தாள் முழுதும் பெரிதும் சிறிதுமாக விண்மீன்கள் சிதறிக் கிடக்கும். சிறியவற்றை மட்டும் பென்சிலால் அடிக்க வேண்டும். விண்மீன்களுக்கிடையே கவனத்தைக் கலைப்பதற்காகத் தூவப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளும் ஆங்கிலச் சொற்களும். ஆங்கிலம் வாசிப்பவருக்கு அவை கண்ணைப் பறிக்கும் தடைகள். ஆங்கிலம் அறியாதவருக்கு அவை கோடுகள். தடை தடையாகவே இராது. ஆக ஒரே தாள் இருவருக்கு இருவேறு கடுமையுடையது. வாழ்நாளில் பென்சில் பிடித்திராத அறுபது வயது மூதாட்டி ஒருவருக்கு அத்தாள் நீட்டப்படுவதாகக் கொள்வோம். அவர் தயங்குகிறார், மெதுவாகச் செய்கிறார், சில விண்மீன்களை விடுகிறார். விடுபட்டவை பக்கவாதத்தால் விடுபட்டனவா, தாள் என்ற தளத்தை ஒழுங்காகத் துழாவும் பழக்கம் வாய்க்காததால் விடுபட்டனவா? எதிர்த்திசைப் பிழையும் நிகழும்: 'படிக்காதவர், அதனால்தான்' என்று கடந்துபோகப்பட்ட உண்மையான புறக்கணிப்பு, வீடு திரும்பியபின் சாலையைக் கடக்கும்போது இடப்புறம் வரும் வண்டியில் வெளிப்படும். இந்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏழு வயது நிரம்பியோருள் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோர் எழுத்தறியாதவர்கள். பக்கவாதம் மிகுதியாகத் தாக்கும் முதிய வயதினரிடையே அந்தப் பங்கு இன்னும் பெரிது.

உருது வாசிக்கும் நோயாளியின் நிலை வேறு. இடப்பக்கப் புறக்கணிப்புடைய இந்தி வாசகருக்கு வரியின் தொடக்கம் காணாமற்போகிறது. எந்த வரியும் பொருள் தராததால் அவரே முறையிடுவார். உருது வாசகருக்கு வரி தொடங்குவது அவர் கவனம் நலமாக இருக்கும் வலப்பக்கத்தில். வாசிப்பு இயல்பாகத் தொடங்கும், வரியின் கடைசிச் சொற்கள் மட்டும் உதிரும்; இழப்பு தாமதமாகவே தெரியவரும். மறுவாழ்வுப் பயிற்சியிலும் இதே சிக்கல். பக்கத்தின் இட ஓரத்தில் செங்கோடு ஒன்றை வரைந்து, ஒவ்வொரு வரிக்கும் முன் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கச் சொல்வது பழக்கமான முறை. உருதுத் தாளில் அந்தக் கோடு தொடங்கும் இடம் அன்று, சேர வேண்டிய இடம். 'கோட்டிலிருந்து தொடங்குக' என்பதற்கு மாறாக 'கோட்டைத் தொடும்வரை வரி முடியவில்லை' என்று கட்டளையை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன், நோயாளி எந்த எழுத்தை வாசிப்பவர் என்று யாரேனும் கேட்டிருக்க வேண்டும்.

ஆய்வுத்துறையில் இதற்கு வழக்கமாக வரும் மறுமொழி, மாறிகள் பெருகினால் ஆய்வு நடக்காது என்பது. பாதி உண்மை. ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு மூன்று ஆண்டு உதவித்தொகையில் நான்கு எழுத்துக் குழுக்களைச் சேர்ப்பது எளிதன்று. ஊருக்குள் கருவியைத் தூக்கிச் செல்வது அதனினும் கடிது. விடுதி மாணவர்கள் அருகில் இருக்கிறார்கள், சான்றிதழுக்கோ சிறு தொகைக்கோ வருகிறார்கள். ஆனால் 2010இல் ஹென்ரிக்கும் உடனாசிரியர்களும் எடுத்துக்காட்டிய கணக்கை நினைவுகூர வேண்டும்: முன்னணி உளவியல் இதழ்களின் பங்கேற்பாளர்களுள் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடு மட்டுமே உடைய நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியக் கூடம் ஒன்று ஆங்கிலவழி பயின்ற மாணவர்களை மட்டும் சோதித்து, மேலை முடிவு இங்கும் பொருந்துகிறது என்று எழுதும்போது அந்த 96க்கு மேலும் ஒரு பிரதி சேர்கிறது. நாட்டின் பெயர் மட்டும் மாறுகிறது. மாறியைக் கட்டுப்படுத்த இயலாவிட்டால் பதிவாவது செய்யலாம். மூன்று கேள்விகளுக்கு ஒரு நிமிடம் போதும். விளக்குமாற்றுக் கேள்வியை எடுத்தால் அந்த நிமிடமும் மிச்சம்.

பென்சிலும் எழுத்தும் வேண்டாத சோதனைகள் இல்லாமலும் இல்லை. 1996இல் சுவீடனில் தாம், டெக்னர் ஆகியோர் அறிமுகப்படுத்திய அடுமனைத் தட்டுப் பணி அவற்றுள் ஒன்று: பதினாறு கட்டைகளை அப்பத் துண்டுகளாக எண்ணி, ஒரு பலகை முழுதும் சீரான இடைவெளியில் அடுக்க வேண்டும். புறக்கணிப்பு உள்ளவர் எல்லாவற்றையும் வலப்பக்கம் குவித்துவிடுவார். அடுமனைத் தட்டு சுவீடனின் சமையலறைக்கு உரியது. மொட்டை மாடியில் வேட்டி விரித்து வடகம் பிழியும் பெண்ணுக்கு இதே பணியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை; பாப்பட் காயவைக்கும் வடநாட்டுப் பெண்ணுக்கும் அப்படியே. முறத்தில் பரப்பிய அரிசியில் கல் பொறுக்குவது விண்மீன் அடித்தலுக்கு இணையான தேடல் பணி. மங்கலான வெளிச்சத்தில்கூட ஒரு கல்லும் தப்பவிடாத கைகள் அதற்கு இருக்கின்றன. ஆனால் முறமும் வடகமும் அழகான எண்ணங்களாக நின்றுவிட்டால் பயனில்லை. எத்தனை கல், எவ்வளவு பரப்பு, நலமுள்ள முதியோர் எத்தனை கல்லை எப்பக்கத்தில் விடுகின்றனர், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு எவ்வளவு, எழுத்தறிந்தவர் முறத்தையும் மேல் இடமூலையிலிருந்தே தொடங்குகிறாரா என்பவற்றையெல்லாம் சில நூறு பேரிடம் அளந்து அட்டவணையாக்க வேண்டும். அந்த அட்டவணைக்குத் தேவையானவை ஒரு முறம், ஒரு படி அரிசி, எண்ணிப் போட்ட கற்கள், மேலிருந்து படமெடுக்கும் ஒரு கைபேசி.